சிவக்கும் தங்கம், ஒளிரும் படலம்

கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்துபார்த்த பரிசோதனைப் பட்டை பலருக்கும் நினைவிருக்கும். மூக்கில் விட்டெடுத்த பஞ்சைத் திரவத்தில் நனைத்து, அதில் சில சொட்டுகளைப் பட்டையின் குழியில் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஒரு கோடு வந்தால் நிம்மதி, இரண்டு வந்தால் தனி அறை. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் இதே மாதிரிக் கோடுகள்தான். அந்த இளஞ்சிவப்பைப் பார்த்ததும் ஏதோ சாயம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பட்டைகளில் பெரும்பாலானவற்றில் அது சாயம் இல்லை, தங்கம். நகைக்கடையில் இருக்கும் அதே தங்கம், சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக.

தங்கம் மஞ்சளாயிற்றே, அது எப்படிச் சிவந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியக் கோப்பை ஒன்றும் வரும், மூன்று அணுத் தளங்களின் அளவே தடிமனுள்ள குறைகடத்திப் படலமும் வரும். நிதானமாகப் போவோம். தேநீர் சூடாக இருக்கிறது, அவசரமில்லை.

முதலில் அளவுகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை: ஊதா 400 பக்கம், பச்சை 530 பக்கம், சிவப்பு 650ஐத் தாண்டி. 20 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தங்க உருண்டைக்குள் சுமார் இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும். அப்படியும் அது தன்மேல் விழும் பச்சை ஒளியின் ஓர் அலைநீளத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்து, கட்டித் தங்கம் ஏன் மஞ்சள் என்று பார்த்துவிடுவோம். உலோகத்தில் ஒவ்வொரு அணுவும் தன் வெளி எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அப்படி விடப்பட்ட எலக்ட்ரான்கள் உலோகம் முழுக்கத் தடையின்றித் திரிகின்றன. ஒளி என்பது மாறி மாறித் திசை திரும்பும் மின்புலம். அது மேற்பரப்பில் பட்டதும் இந்த எலக்ட்ரான்கள் அதற்கு ஈடாக அசைந்து, உள்ளே நுழையவிடாமல் திருப்பி அனுப்புகின்றன. உலோகப் பளபளப்பு அதனால்தான். தங்கத்தில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. நீல ஒளியின் ஆற்றல், அணுவோடு கட்டுண்ட உள் எலக்ட்ரான்களைக் கிளப்பப் போதுமானதாக இருக்கிறது. நீலம் அங்கே விழுங்கப்பட, திரும்பி வரும் ஒளி மஞ்சளாகிறது. வெள்ளியில் இந்த விழுங்கல் புறஊதாவில்தான் தொடங்குகிறது என்பதால் அது எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்பி வெண்மையாகத் தெரிகிறது.

திருப்பி அனுப்புவது என்றாலும் ஒளி உலோகத்துக்குள் கொஞ்சதூரம் எட்டிப்பார்க்கத்தான் செய்யும். தங்கத்தில் அந்தத் தூரம் சுமார் 25 நானோமீட்டர். அடித்து அடித்து மிக மெலிதாக்கிய தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் பச்சை கலந்த ஒளி கசிவதைப் பார்க்கலாம். மைக்கேல் ஃபாரடே இந்தப் பச்சையிலிருந்துதான் தொடங்கினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தங்க ரேக்குகளை வேதிப்பொருள்களால் இன்னும் மெலிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர், தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தபோது மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் கிடைத்தது. ஒளிக்கற்றையை அதனுள் செலுத்தினால் கற்றையின் பாதை தெரிந்தது. உண்மையான கரைசலில் அப்படித் தெரியாது. ஆகவே உள்ளே இருப்பது தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள்தான், சிவப்புக்குக் காரணம் அவற்றின் சிறுமைதான் என்று 1857இல் சொன்னார். அந்தத் துகள்களைக் காட்டக்கூடிய நுண்ணோக்கி அப்போது உலகில் இல்லை. காணாமலே சரியாகச் சொன்ன அந்தத் துணிவை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அவர் தயாரித்த திரவத்தில் சில குப்பிகள் இன்றும் அதே நிறுவனத்தில், நிறம் மாறாமல் இருக்கின்றன.

சிறுத்தால் ஏன் சிவக்க வேண்டும்? இங்கே ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்ளுங்கள், மெதுவாகப் போக வேண்டிய இடம் இது.

20 நானோமீட்டர் உருண்டையை எடுத்துக்கொள்வோம். ஒளி 25 நானோமீட்டர் வரை உள்ளே எட்டும் என்பதால் இந்த உருண்டைக்கு உள், வெளி என்ற வேறுபாடே ஒளிக்கு இல்லை, முழுக்க ஊடுருவிவிடும். ஒளியின் அலைநீளத்துக்கு முன் உருண்டை மிகச் சிறியது என்பதால் அதன் ஒரு முனையிலும் மறு முனையிலும் மின்புலம் ஒரே கணத்தில் ஒரே திசையில்தான் இருக்கும். அப்போது என்ன ஆகும்? உள்ளே இருக்கும் இரண்டரை லட்சம் எலக்ட்ரான்களும் சேர்ந்தாற்போல ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கம் எதிர்மின்னூட்டம் மிகுந்துவிடும், விட்டுவந்த பக்கத்தில் நேர்மின்னூட்டம் தலைநீட்டும். அது எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் அவை நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய்ச் சாயும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்கு இந்த இயக்கம் தெரியும். குடத்துத் தண்ணீருக்கென்று ஒரு தளும்பும் வேகம் உண்டு. நடையின் தாளம் அதோடு பொருந்தாதவரை நீர் அமைதியாக இருக்கும். பொருந்திவிட்டால் சில அடிகளிலேயே சேலை நனைந்துவிடும்.

தங்கத் துகளில் எலக்ட்ரான்கள் தளும்பும் அந்தச் சொந்தத் தாளம் விநாடிக்குச் சுமார் 580 லட்சம் கோடி தடவை. அது 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியின் தாளம். ஆகவே வெள்ளொளி விழும்போது பச்சைப் பகுதி துகளைத் தளும்ப வைப்பதிலேயே செலவாகிறது. கடந்து வருவதில் சிவப்பு மேலோங்குகிறது. இந்தக் கூட்டுத் தளும்பலைப் பிளாஸ்மான் என்கிறார்கள். வெள்ளித் துகளில் அதன் தாளம் 400 நானோமீட்டர் பக்கம், ஊதா ஒளிக்கு அருகில். ஊதா போய்விட்டால் எஞ்சுவது மஞ்சள். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் பதினான்காம் நூற்றாண்டு முதல் காணப்படும் பொன்மஞ்சள் கண்ணாடியின் நிறம் இப்படி வெள்ளித் துகள்களால் வந்ததுதான்.

பால் சேர்க்காத தேநீரும் செம்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செம்மை தேயிலையிலிருந்து இறங்கிய மூலக்கூறுகளின் வேலை, ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள சில எலக்ட்ரான்களைக் கொண்டு தனித்தனியே ஒளியை விழுங்குகிறது. தங்கத் துகளில் லட்சக்கணக்கான எலக்ட்ரான்கள் ஒரே அசைவாக அசைகின்றன. அதனால் ஒரு துகள் விழுங்கும் ஒளி, ஒரு சாய மூலக்கூறு விழுங்குவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. பரிசோதனைப் பட்டையில் தங்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இது: கோட்டில் வந்து ஒட்டுவது கொஞ்சம் துகள்களே என்றாலும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்துவிடும். கூடவே, தங்கம் துருப்பிடிக்காது, அதன்மேல் புரதங்களை ஒட்டவைப்பதும் எளிது.

இந்தத் துகள்களைச் செய்வது கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே முடிகிற காரியம். 1951இல் ஜான் டர்கெவிச்சும் அவருடைய சகாக்களும் விவரித்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. தங்கக் குளோரைடின் வெளிர்மஞ்சள் கரைசலைக் கொதிக்கவிட்டு, சோடியம் சிட்ரேட்டைச் சேர்க்க வேண்டும். மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும், பிறகு கருநீலச் சாயல் தட்டும், சில நிமிடங்களில் ஆழ்ந்த திராட்சைச் சிவப்பு வந்து நிற்கும். இதில் கொஞ்சம் சமையல் உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாகிவிடும். சிட்ரேட் அயனிகள் துகள்களின்மேல் படிந்து அவை ஒன்றையொன்று விலக்கும்படி வைத்திருந்தன. உப்பு அந்த விலக்கத்தை மறைத்துவிட, துகள்கள் கூடிக் கொத்தாகின்றன. அருகருகே வந்த துகள்களின் தளும்பல்கள் ஒன்றையொன்று பாதித்து, மொத்தத் தாளம் மெதுவாகிறது. இப்போது விழுங்கப்படுவது பச்சை அல்ல, செம்மஞ்சளும் சிவப்பும். எஞ்சுவது நீலம்.

தாளத்தைத் தீர்மானிப்பவை, உலோகம் எது, துகளின் வடிவம் என்ன, சுற்றிலும் இருப்பது என்ன என்ற மூன்றும்தான் பெரும்பாலும். உருண்டையைக் குச்சியாக நீட்டினால் நீளவாக்கில் சாயும் எலக்ட்ரான்களுக்குத் தூரம் கூடித் தாளம் குறைகிறது. குச்சி நீள நீள நிறம் சிவப்புக்கும், அதையும் தாண்டி அகச்சிவப்புக்கும் நகர்கிறது. சுற்றுப்புறத்தின் செல்வாக்கும் சின்னதில்லை. துகளின்மேல் சில மூலக்கூறுகள் ஒட்டினால்கூட தாளம் சில நானோமீட்டர் நகரும். அந்த நகர்வை அளந்தே என்ன ஒட்டியது என்று சொல்லும் உணரிகள் இருக்கின்றன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கோப்பை என்றொரு கண்ணாடிக் கோப்பை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் ரோமானிய வேலை. கொடிகளில் சிக்கித் தவிக்கும் லைகர்கஸ் அரசனின் உருவம் சுற்றிலும் செதுக்கப்பட்டிருக்கும். முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் கோப்பை மங்கிய பச்சை, உள்ளே விளக்கை வைத்தால் ரத்தச் சிவப்பு. அருங்காட்சியகம் இதை வாங்கியது 1958இல். சின்னச் சில்லு ஒன்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணாடிக்குள் வெள்ளியும் தங்கமும் கலந்த துகள்கள், 50 முதல் 100 நானோமீட்டர் வரை, விரவிக் கிடந்தது தெரியவந்தது. உலோகத்தின் அளவோ பத்து லட்சத்தில் சில நூறு பங்குதான். செய்த கைவினைஞருக்குத் துகள்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் எந்தச் சூளையில், எந்தப் பக்குவத்தில் அந்த நிறம் வரும் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட அறிவையும் நான் அறிவியலின் வரலாற்றோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

ஒரே பொருளுக்கு இரண்டு நிறம் எப்படி? துகள் ஒளியை இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று, விழுங்கிச் சூடாவது. மற்றொன்று, வாங்கிய ஒளியைத் தளும்பலின் மூலம் எல்லாத் திசைகளிலும் மீண்டும் வீசுவது. விழுங்கல் துகளின் கன அளவைப் பொறுத்து வளர்கிறது, சிதறல் அந்தக் கன அளவின் வர்க்கமாக வளர்கிறது. 20 நானோமீட்டர் உருண்டையில் விழுங்கல்தான் ஏறக்குறைய எல்லாமே. 80 நானோமீட்டர் பக்கம் வரும்போது சிதறல் வலுத்துவிடும். லைகர்கஸ் கோப்பையில் பச்சை சிதறி நம் பக்கம் வருகிறது, சிவப்பு கடந்து போகிறது. இந்தக் கணக்கு முழுவதையும் 1908இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் குஸ்டாவ் மீ போட்டு முடித்தார். ஒளியையும் மின்புலத்தையும் பற்றிய மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை ஓர் உருண்டைக்குப் பொருத்தி, எந்த அளவுத் துகள் எந்த நிறத்தை எவ்வளவு விழுங்கும், எவ்வளவு சிதறடிக்கும் என்று காட்டினார். கணினிகளில் இன்றும் அவர் கணக்குதான் ஓடுகிறது.

நிறம் மட்டும்தான் பயன் என்றால் இந்தத் துறை அலங்காரக் கண்ணாடியோடு நின்றிருக்கும். முக்கியமானது வேறு. எலக்ட்ரான்கள் ஒரு முனையில் குவியும்போது அந்த முனையை ஒட்டிய வெளியில் மின்புலம் மிகக் கடுமையாகிறது. கூர்முனைகளில், அல்லது இரு துகள்களுக்கு நடுவிலுள்ள சில நானோமீட்டர் சந்தில், வந்து விழுந்த ஒளியின் மின்புலத்தைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு வரை உயரும். வில்லையால் ஒளியை எவ்வளவு குவித்தாலும் அலைநீளத்தில் பாதியளவுக்குக் கீழே குறுக்க முடியாது. உலோகத் துகளோ ஒளியின் ஆற்றலை, அலைநீளத்தில் நூறில் ஒரு பங்கு இடத்துக்குள்கூடக் கொண்டுவந்து சேர்க்கிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டறிந்த விளைவுக்கு இதனால் மறுபிறவி கிடைத்தது. மூலக்கூறின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அந்த மூலக்கூறின் அதிர்வுக்கேற்ப நிறம் மாறி வருகிறது. மூலக்கூறை அடையாளம் காண இதைவிடத் துல்லியமான கையொப்பம் அரிது. ஆனால் அப்படி நிறம் மாறுவது ஏறத்தாழக் கோடியில் ஒரு ஒளித்துகள்தான். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் மார்ட்டின் ஃப்ளெஷ்மனும் சகாக்களும் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்வாயின்மேல் பிரிடின் மூலக்கூறுகளை ஒட்டவைத்துப் பார்த்தபோது சமிக்ஞை எதிர்பாராத அளவுக்கு வலுவாக வந்தது. மேற்பரப்பு கூடியதால் மூலக்கூறுகள் அதிகம் ஒட்டியிருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த விளக்கம் போதாது, ஒவ்வொரு மூலக்கூறின் சமிக்ஞையும் லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது என்பதை 1977இல் ரிச்சர்ட் வான் டைனும் டேவிட் ஜீன்மேயரும் காட்டினர். காரணம் அந்தக் கடுமையான மின்புலம்தான். வந்து விழும் ஒளியும் பெருகுகிறது, சிதறிப் போகும் ஒளியும் பெருகுகிறது, ஆகவே புலம் பத்து மடங்கானால் சமிக்ஞை பத்தாயிரம் மடங்கு. 1997வாக்கில் ஒரே ஒரு மூலக்கூறின் ராமன் சமிக்ஞையைக் கண்டுவிட்டார்கள்.

இவ்வளவு திறமையுள்ள உலோகத்துக்கு ஒரு பெரிய குறை. வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது. பிளாஸ்மானின் ஆயுள் பத்து ஃபெம்டோ விநாடி அளவுதான், அதாவது ஒரு விநாடியை நூறு லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதற்குள் சில தளும்பல்கள்தான் நடக்கும். பிறகு ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. வெப்பமே வேண்டும் என்கிறவர்களுக்கு இது வரம். ரைஸ் பல்கலைக்கழகத்தின் நயோமி ஹாலஸ் உருவாக்கிய தங்க ஓட்டுத் துகள்கள், உடல்திசுக்களை ஓரளவு ஊடுருவும் அகச்சிவப்பை வாங்கிச் சூடாகிப் புற்றுத்திசுவைச் சுடுகின்றன. புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் அவை சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஒளியை ஒளியாகவே பயன்படுத்த நினைப்பவர்களுக்கோ, உலோகம் கொண்டுவந்து சேர்த்ததைப் பிடித்துவைக்க வேறொரு பொருள் துணை வேண்டும்.

அந்தத் துணை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லாரிப் பட்டறைகளில் கனமான சுமை தாங்கும் மூட்டுகளுக்குப் போடுகிற கருப்புக் கிரீஸ் வகை ஒன்றில் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்திருக்கும். பூமிக்குள் மாலிப்டினைட் என்ற தாதுவாகக் கிடைப்பது, தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியிலும் இதன் படிவுகள் உண்டு. இந்தப் பொருள் அடுக்கடுக்காக அமைந்தது. ஓர் அடுக்கில் நடுவே மாலிப்டினம் அணுக்களின் தளம், மேலும் கீழும் கந்தக அணுக்களின் தளங்கள். அடுக்குக்குள் பிணைப்பு மிக உறுதி, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே மிகத் தளர்வு. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் என்பதால்தான் கிரீஸில் போடுகிறார்கள். அதே தளர்வினால்தான் ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தால் அடுக்குகள் கழன்று வருகின்றன. மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் 2004இல் கிராஃபைட்டிலிருந்து கிராஃபீனைப் பிரித்தெடுத்த வழி இதுதான். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்கு சுமார் 0.65 நானோமீட்டர் தடிமன், ஒரு தலைமுடித் தடிமனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அடுக்க வேண்டும்.

அதே 2010இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டோனி ஹைன்ஸ் குழுவும் பெர்க்லியில் ஃபெங் வாங் குழுவும், இந்த ஒற்றை அடுக்கின்மேல் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தன. கட்டியாக இருக்கையில் ஒளியை வெளிவிடவே தயங்கும் பொருள், ஒற்றை அடுக்கானதும் சிவப்பாக ஒளிர்ந்தது. கொலம்பியாக் குழுவின் கணக்கில் ஒளிரும் திறன் கட்டியைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

மெலிந்தால் ஏன் ஒளிர வேண்டும்? குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் உலோகத்தில்போலத் தாராளமாகத் திரிவதில்லை. கீழே ஒரு நிரம்பிய ஆற்றல் பட்டை, மேலே ஒரு காலிப் பட்டை, நடுவில் எலக்ட்ரான் இருக்கவே முடியாத இடைவெளி. ஒளித்துகள் தன் ஆற்றலைக் கொடுத்து ஓர் எலக்ட்ரானை மேலே ஏற்றலாம். அது திரும்ப இறங்கும்போது ஒளித்துகள் ஒன்று வெளிவரலாம். ஆனால் எலக்ட்ரானுக்கு ஆற்றலோடு உந்தமும் உண்டு, ஒளித்துகளிடம் உந்தம் மிகக் குறைவு. மேல்பட்டையின் தாழ்ந்த இடமும் கீழ்ப்பட்டையின் உயர்ந்த இடமும் ஒரே உந்தத்தில் இருந்தால் எலக்ட்ரான் நேரே இறங்கி ஒளியை விடும். வெவ்வேறு உந்தத்தில் இருந்தால், அந்த வித்தியாசத்தைப் படிக அதிர்வு ஒன்று வந்து ஈடுகட்டக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகிவிடும்.

கட்டி மாலிப்டினம் டைசல்ஃபைடு இரண்டாவது வகை. அணு அளவில் ஆற்றலை அளக்கும் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அதன் இடைவெளி சுமார் 1.3, அதுவும் கோணலான இடைவெளி. இந்தக் கோணலுக்குக் காரணமான எலக்ட்ரான் நிலைகளில் வெளிப்புறக் கந்தக அணுக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது, பக்கத்து அடுக்கு இருப்பதை அவை உணர்கின்றன. நேரான இறக்கத்துக்குரிய நிலைகள் நடுவிலுள்ள மாலிப்டினம் அணுக்களைச் சேர்ந்தவை, பக்கத்தில் அடுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை அதிகம் மாறுவதில்லை. அடுக்குகளைக் கழற்றிக்கொண்டே வந்தால் கந்தகத்தின் பங்குள்ள அந்த நிலைகள் நகர்ந்து நகர்ந்து விலக, ஒற்றை அடுக்கில் நேரான இறக்கமே மிகச் சிறிய இடைவெளியாகிவிடுகிறது. அப்போது வெளிவரும் ஒளி 1.9 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, அதாவது 660 நானோமீட்டர் பக்கத்துச் சிவப்பு. ஒரு கந்தக அணுவைக்கூட மாற்றவில்லை, பக்கத்து அடுக்கை எடுத்ததோடு சரி. இந்த இடம் எனக்கு இத்துறையிலேயே மிகவும் பிடித்தது.

மேலே ஏறிய எலக்ட்ரான் கீழே ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகிறது. அந்த வெற்றிடம் நேர்மின்னூட்டம் உள்ளதுபோல நடந்துகொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து இணையாகச் சுற்றும். இந்த இணைக்கு எக்ஸிட்டான் என்று பெயர். காலியம் ஆர்சனைடு போன்ற வழக்கமான குறைகடத்தியில் இந்தப் பிணைப்பு சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பநிலையின் சலனமோ 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஆகவே இணை உடனே பிரிந்துவிடும், அதை ஆராயக் கடுங்குளிருக்குப் போக வேண்டும். ஒற்றை அடுக்கில் நிலைமை வேறு. இணையை ஈர்க்கும் மின்புலக் கோடுகளை மட்டுப்படுத்த மேலும் கீழும் பொருள் இல்லை, பெரும்பகுதி வெளியே காற்றில் போகின்றன. ஈர்ப்பு குறையாமல் நிற்கிறது. பிணைப்பு சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டாக உயர்கிறது, இதே வகை அடுக்குப் பொருளான டங்ஸ்டன் டைசல்ஃபைடில் சுமார் 320 என்று 2014இல் அளந்தார்கள். நாம் தேநீர் குடிக்கும் இந்த அறையின் வெப்பத்திலும் எக்ஸிட்டான்கள் கலையாமல் இருக்கும்.

ஆனால் படலத்துக்கும் ஒரு குறை. எக்ஸிட்டானுக்குப் பொருத்தமான நிறத்தில்கூட விழும் ஒளியில் பத்து சதவீதம் போலத்தான் பிடிக்கிறது. 0.65 நானோமீட்டருக்கு அது வியப்பான அளவுதான். என்றாலும் மீதி தொண்ணூறும் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடுகிறது, ஒளிக்கு அங்கே தங்கக் காரணமே இல்லை. ஆக, உலோகத் துகளால் ஒளியைத் திரட்ட முடியும், வைத்திருக்க முடியாது. படலத்தால் வைத்திருக்க முடியும், திரட்ட முடியாது. இரண்டையும் அருகருகே வைக்கலாம் என்று ஆய்வாளர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. எப்படி வைப்பது என்பதில்தான் நுணுக்கம்.

எட்வர்ட் பர்செல் 1946இல் ஒரு சிறு குறிப்பில் சொன்னது இங்கே உதவுகிறது: ஒளி உமிழும் வேகம் உமிழும் பொருளின் தனிச் சொத்தல்ல, அதைச் சுற்றியுள்ள வெளி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒளி சிறிய இடத்தில் அடைபட்டிருந்தால் உமிழ்வு விரைவாகும். உலோகச் சந்துபோலச் சிறிய இடம் வேறு எது? தங்கப் படலத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனுக்கு மின்கடத்தாப் பூச்சு, அதன்மேல் மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒற்றை அடுக்கு, அதன்மேல் வெள்ளிக் கனசதுரத் துகள் என்று அடுக்கி, டியூக் பல்கலைக்கழகத்தின் மைக்கன் மிக்கல்சன் குழு 2015இல் அடுக்கின் ஒளிர்வை 2,000 மடங்கு உயர்த்திக் காட்டியது.

அந்த மின்கடத்தாப் பூச்சு இல்லாமல் உலோகத்தோடு நேரே ஒட்டினால் ஒளிர்வு கூடுவதற்குப் பதில் அணைந்துவிடும். எக்ஸிட்டானின் ஆற்றல் ஒளியாகாமல் உலோகத்துக்குள் இறங்கி வெப்பமாகும், எலக்ட்ரானே கடந்துபோவதும் உண்டு. விலக்கி வைத்தாலோ கடுமையான மின்புலம் எட்டாது. நடுவிலுள்ள அந்தச் சில நானோமீட்டர் அகலத்தில்தான் காரியம் நடக்கிறது. திசையும் பொருந்த வேண்டும். படலத்தின் ஒளிரும் எக்ஸிட்டான்கள் படலத்தின் தளத்திலேயே கிடைமட்டமாக அசைபவை. சந்தில் உள்ள மின்புலமோ பெரும்பாலும் செங்குத்து. இரண்டும் சரியாகப் பொருந்தாததால் பெருக்கத்தில் ஒரு பகுதி வீணாகிறது. ஆனால் இதே முரண் வேறொரு கதவைத் திறந்தது. இதே வகையைச் சேர்ந்த டங்ஸ்டன் டைசெலினைடில் செங்குத்தாக அசையும் எக்ஸிட்டான்கள் உண்டு. அவை வழக்கமான சோதனைகளில் கண்ணில் படுவதே இல்லை என்பதால் இருண்ட எக்ஸிட்டான்கள் என்று பெயர். 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெள்ளிப் பரப்பில் ஓடும் பிளாஸ்மான்களின் செங்குத்துப் புலத்தைக் கொண்டு அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னும் நெருக்கமான உறவும் உண்டு. துகளின் தளும்பலும் எக்ஸிட்டானும் ஒரே தாளத்தில் இருந்து, இரண்டுக்கும் இடையே ஆற்றல் கைமாறும் வேகம் அது வீணாகும் வேகத்தை மிஞ்சிவிட்டால், யாரிடம் ஆற்றல் இருக்கிறது என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போகிறது. பாதி பிளாஸ்மான், பாதி எக்ஸிட்டான் என்று இரண்டு புதிய கலப்பு நிலைகள் உருவாகின்றன. பத்து ஃபெம்டோ விநாடிக்குள் வீணாக்கிவிடும் உலோகத்தோடு இது கைகூடுவதற்குக் காரணம், சந்துகளிலும் முனைகளிலும் ஒளி அடைபடும் இடம் அவ்வளவு சிறியது என்பதுதான். கைமாறும் வேகமும் அதற்கேற்ப உயர்ந்துவிடுகிறது.

இதைக் காண ஒற்றைத் துகளைத் தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் துகளுக்குத் துகள் நீளம் கொஞ்சம் வேறுபடும், கூட்டமாகப் பார்த்தால் எல்லாம் குழம்பிவிடும். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, இருண்ட பின்னணியில் துகள் சிதறடிக்கும் ஒளியை மட்டும் பார்க்கும் நுண்ணோக்கி இதற்கு உதவுகிறது. 1903இல் ரிச்சர்ட் ஸிக்மண்டியும் ஹென்றி ஸீடன்டோஃபும் தங்கத் துகள்களைக் காண்பதற்கென்றே அமைத்த கருவியின் வழித்தோன்றல் அது. ஸிக்மண்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றைத் தங்கக் குச்சி அல்லது வெள்ளிக் குச்சியை டங்ஸ்டன் சேர்மப் படலத்தின்மேல் வைத்து அதன் நிறமாலையை எடுத்தால், ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் தெரியும்.

இரண்டு மேடு தெரிவதாலேயே கலப்பு நடந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எக்ஸிட்டான் அந்த நிறத்தை விழுங்கியதாலும் நடுவில் பள்ளம் விழலாம். அதனால் படலத்தை மெல்லச் சூடாக்குவார்கள். வெப்பம் ஏற ஏற எக்ஸிட்டானின் ஆற்றல் இறங்கும், பிளாஸ்மானின் ஆற்றல் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டும் தனித்தனியானவை என்றால், எக்ஸிட்டான் ஒரு கட்டத்தில் பிளாஸ்மானைச் சந்தித்துக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் மேடுகளின் இடத்தைக் குறித்து வரைந்து பார்த்தால், இரண்டு கோடுகளும் நெருங்கி வந்து, தொடாமல் விலகிச் செல்கின்றன. மிக நெருங்கிய இடத்தில் அவற்றுக்கிடையே எஞ்சும் தூரம்தான் கலப்பின் வலிமை. அதை அந்த மேடுகளின் அகலத்தோடு ஒப்பிட்ட பிறகே கலப்பு உண்மையானது என்று ஏற்பார்கள். 2017இல் சீனக் குழுக்கள் வெளியிட்ட அளவீடுகளில் அந்தத் தூரம் ஐம்பதிலிருந்து நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் வரை இருக்கிறது. அத்தனையும் குளிர்பதனக் கலம் எதுவுமின்றி, அறை வெப்பநிலையில், ஒற்றை உலோகக் குச்சியைக் கொண்டு அளந்தவை.